மின் ஓவன் பழுதானால்: பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டே பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

ஓவன் சூடாகவில்லை என்றதும் எலிமென்ட்தான் (சூடாக்கும் பாகம்) போயிருக்கும் என்று முடிவுகட்டி, புதிதாக ஒன்றை வாங்கி மாட்டிப் பார்ப்பவர்கள் அதிகம். அது பலிக்கவில்லை என்றால் தெர்மோஸ்டாட் (வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் பாகம்), அதுவும் பலிக்கவில்லை என்றால் சுவிட்ச். மூன்று உதிரிகளை மாற்றிய பிறகு பார்த்தால், பழுது கருகிப்போன ஒரு லக்கில் (வயர் முனையில் மாட்டும் உலோகப் பிடியில்) இருக்கும். வாங்குவதற்கு முன் அளந்துவிட்டால் இந்த அலைச்சல் இல்லை. அதிலும் ஒரு வசதி: ஓவனின் உள்ளே அளக்க வேண்டிய எல்லாவற்றையும் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டே அளக்கலாம். மின்சாரம் ஓடும்போது உள்ளே கைவைக்க வேண்டிய கட்டம் இந்த வழிகாட்டியில் எங்கும் வராது.

இங்கே சொல்வது மேடைமேல் வைக்கும் ஓடிஜிக்கும், சுவரிலோ அலமாரியிலோ பதித்த ஓவனுக்கும் பொருந்தும். மைக்ரோவேவுக்குப் பொருந்தாது. மைக்ரோவேவ் வசதியும் சேர்ந்து வரும் ஓவனுக்கும் பொருந்தாது. அவற்றின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 2000 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கும்; பிளக்கைக் கழற்றிய பிறகும் அது ஆளைக் கொல்லும். அவற்றைத் திறக்கவே வேண்டாம்.

1. இது பழுதுதானா என்று முதலில் பாருங்கள்

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். பாதிப் புகார்கள் இங்கேயே முடிந்துவிடும் என்று சொன்னால் மிகையில்லை.

ஓடிஜியில் டைமர் நாப் பூஜ்ஜியத்தில் இருந்தால் மற்ற நாப்களை எப்படித் திருப்பினாலும் எதுவும் நடக்காது. மின்சாரம் டைமர் வழியாகத்தான் உள்ளே போகிறது. பதித்த ஓவனில் மின்வெட்டுக்குப் பிறகு கடிகாரம் மினுக்கிக்கொண்டிருந்தால், நேரத்தைச் சரிசெய்யும் வரை பல மாடல்கள் சூடாகாது. சைல்டு லாக் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறது, வெப்பம் மட்டும் துளிகூட இல்லை என்றால் டெமோ மோடில் இருக்கலாம். ஷோரூமில் காட்டுவதற்காகச் சில மாடல்களில் வைத்திருக்கும் வசதி அது. வெளியேறும் முறை கையேட்டில் இருக்கும்.

சிவப்பு விளக்கு நடுவில் அணைந்து அணைந்து எரிவது பழுதில்லை. பெரும்பாலான ஓவன்களில் அந்த விளக்கு தெர்மோஸ்டாட்டோடு சேர்ந்து இயங்கும்; வைத்த வெப்பநிலை வந்ததும் அணையும், குறைந்ததும் எரியும். ஓவனை நிறுத்திய பிறகும் விசிறிச் சத்தம் கேட்பதும் பழுதில்லை. அது ஓவனின் உடலைக் குளிர்விக்கும் விசிறி, வேலை முடிந்ததும் தானே நின்றுவிடும்.

அடுத்து, மின்சாரம் வரும் வழி. ஓவன் செருகும் அதே சாக்கெட்டில் வேறொரு சாதனத்தைச் செருகிப் பாருங்கள். பிளக்குக்குள் ஃபியூஸ் வைக்கும் வழக்கமுள்ள ஊராக இருந்தால் அந்த ஃபியூஸையும் அளந்து பாருங்கள். 240 வோல்ட்டை இரண்டு லைவ் வயர்கள் மூலம் எடுக்கும் நாடுகளில், ஒரு வயர் மட்டும் துண்டானால் கடிகாரமும் விளக்கும் எரியும், ஓவன் மட்டும் சூடாகாது. அங்கே பிரேக்கரை முழுவதுமாகக் கீழே இறக்கி மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டும்.

‘முன்பு போலச் சூடாகவில்லை, நேரம் எடுக்கிறது’ என்ற புகாருக்கு எக்ஸ்டென்ஷன் கார்டைச் சந்தேகியுங்கள். 2000 வாட் ஓவன் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய கார்டில் அவ்வளவு ஓடினால் வோல்ட்டேஜ் வழியிலேயே குறையும். வெப்பமோ வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது: 230 வோல்ட் 200 ஆக இறங்கினால் ஓவனின் திறனில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். அப்போது பழுது ஓவனில் இல்லை. நேரடியாகச் சுவர் சாக்கெட்டில் செருகினால் தீர்ந்தது.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். விலை குறைந்ததே போதும், ஓம் அளக்கவும் கன்டினியூட்டி பீப் (இணைப்பு அறுபடாமல் இருந்தால் வரும் ஒலி) கேட்கவும் தெரிந்தால் சரி. இது இல்லாமல் தொடங்க வேண்டாம். மீதி எல்லாவற்றையும் பிறகு தேடிக்கொள்ளலாம்.

நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர், டார்க்ஸ் பிட்கள் (பெரும்பாலும் டி15, டி20), மூக்கு நீண்ட கொறடு, லக் அழுத்தும் கிரிம்ப்பிங் கொறடு. வயர்களில் குறி ஒட்ட மாஸ்கிங் டேப். படம் எடுக்க ஃபோன். தகட்டின் ஓரங்கள் கத்தி மாதிரி இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே கண்ணாடி நார்ப் பொதி இருந்தால் அதைக் கலைக்காமல் வேலை பாருங்கள், முகக்கவசமும் வேண்டும். வெப்பநிலைப் புகார் என்றால் உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று தேவை.

சால்டரிங் அயர்னும் சாதாரண இன்சுலேஷன் டேப்பும் இந்தப் பட்டியலில் இல்லை. மறந்துவிடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறது. வழக்கமான ஈயப்பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். ஓவனின் வேலையே அதற்கு மேலே போவதுதான். டேப்போ அதற்கும் வெகு முன்பே இளகி வழிந்துவிடும்.

3. மின்சாரத்தைத் துண்டிப்பது

சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைக் கழற்ற வேண்டும். சுவிட்ச் ஒரு வயரை மட்டும் துண்டிக்கலாம். வயரிங் மாறியிருந்தால் லைவ் வயர் உள்ளே அப்படியே நிற்கும். கழற்றிய பிளக்கைக் கண்ணில் படும்படி ஓவன் மேலேயே வையுங்கள். வீட்டில் வேறு யாராவது உதவி செய்வதாக நினைத்துச் செருகிவிடக் கூடாது.

பதித்த ஓவனில் பிளக் இல்லாமல் கேபிள் நேராகச் சுவருக்குள் போகலாம். அப்போது எம்சிபியை (வீட்டு மின்பலகையில் உள்ள பிரேக்கரை) இறக்கி, அதன்மேல் டேப் ஒட்டி, ஓவனின் டெர்மினலில் மின்சாரம் இல்லை என்பதை மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து உறுதிசெய்ய வேண்டும். அந்த மீட்டரை முதலில் வேலை செய்யும் ஒரு சாக்கெட்டில் வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். செத்த மீட்டரும் பூஜ்ஜியம்தான் காட்டும். சுவர் வயரிங்கைத் தொட எலக்ட்ரீஷியனுக்கு மட்டுமே அனுமதி என்று உங்கள் நாட்டில் சட்டம் இருந்தால், இந்த ஒரு வேலையை அவரிடம் விட்டுவிடுங்கள். வாரன்டி இருக்கும் ஓவனையும் திறக்காதீர்கள்.

துண்டித்த பிறகு ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

4. அறிகுறியைச் சரியாகப் பிரியுங்கள்

‘வேலை செய்யவில்லை’ என்பதை வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது. கடைசியாக ஓடியபோது என்ன செய்தது என்று எழுதிவையுங்கள். நாலு வரி போதும், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

எதுவுமே இல்லை, விளக்குகூட எரியவில்லை என்றால் ஓவனின் பவர் கார்டு, டைமர், வெப்பக் கட்-அவுட் (சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாகம்) ஆகிய மூன்றைப் பாருங்கள். எலிமென்ட்டைத் தேட வேண்டாம். அது போனாலும் விளக்கு எரியத்தானே செய்யும்?

விளக்கு எரிகிறது, மேலும் கீழும் சூடாகவில்லை என்றால் இரண்டு எலிமென்ட்டும் ஒரே நாளில் போயிருக்க வாய்ப்பு குறைவு. இரண்டுக்கும் பொதுவான தெர்மோஸ்டாட், கட்-அவுட், செலக்டர் சுவிட்ச் (மேல், கீழ் என்று தேர்ந்தெடுக்கும் நாப்) இவைதான் முதல் சந்தேகம். ஒரு பக்கம் மட்டும் சூடாகவில்லை என்றால் அந்தப் பக்க எலிமென்ட், அதன் லக், செலக்டரில் அந்த நிலை.

சூடு நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது என்றால் தெர்மோஸ்டாட். இந்த அறிகுறி வந்த ஓவனைச் சரியாகும் வரை ஒரு முறைகூடப் பயன்படுத்தாதீர்கள்.

ட்ரிப் ஆகிறது என்றால் எது ட்ரிப் ஆகிறது என்று பாருங்கள். எம்சிபி என்றால் அதிக மின்னோட்டம் அல்லது ஷார்ட். ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கர்) என்றால் ஓவனின் உலோக உடலுக்குக் கசிவு. இரண்டுக்கும் தேடும் இடம் வேறு.

5. திறப்பது

ஓடிஜியைக் கவிழ்ப்பதற்கு முன் உள்ளிருக்கும் தட்டு, கம்பிகளை எடுத்துவிடுங்கள். பின்பக்கத் தகடு, அப்புறம் பக்கத் தகடு என்று ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். ஒவ்வொரு பக்கத்து ஸ்க்ரூவும் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும். நீளம் மாறி முடுக்கினால் நீளமான ஸ்க்ரூ உள்ளே போய் வயரைக் குத்தும். பின் தகட்டின் உள்பக்கத்தில் வயரிங் படம் ஒட்டியிருக்கலாம், பாருங்கள். இருந்தால் அதுதான் பெரிய உதவி.

எந்த லக்கையும் உருவுவதற்கு முன் படம் எடுங்கள். ஒரே ஒரு தூரப் படம் போதாது. ஒவ்வொரு சுவிட்சையும் கிட்டத்திலிருந்து, வயரின் நிறமும் டெர்மினல் எண்ணும் தெரியும்படி எடுக்க வேண்டும். ஓவனுக்குள் ஒரே நிறத்தில் ஐந்தாறு வயர்கள் ஓடுவது வழக்கம். லக்கைக் கொறடால் பிடித்து உருவுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால், வெப்பத்தில் மொறுமொறுவென்று ஆகிப்போன வயர் லக்கிலிருந்து கழன்று வந்துவிடும்.

அளக்கும் முன் கண்ணால் பாருங்கள், மூக்கால் முகருங்கள். கறுத்த லக், நீலம் பாய்ந்த டெர்மினல், உருகிய உறை, எலிமென்ட்டில் கொப்புளம் அல்லது வெடிப்பு இதெல்லாம் தானாகவே கதையைச் சொல்லிவிடும்.

6. எலிமென்ட்டை அளப்பது

எலிமென்ட்டின் இரண்டு லக்கில் ஒன்றையாவது கழற்றிவிட்டு அளக்க வேண்டும். புதியவர்கள் தவறாமல் விடும் படி இது. கழற்றாமல் அளந்தால் மீட்டரின் மின்னோட்டம் இன்னொரு எலிமென்ட் வழியாகவோ விளக்கு வழியாகவோ சுற்றி வரும். செத்த எலிமென்ட்டும் உயிரோடு இருப்பது போல எண் காட்டும்.

எண் எவ்வளவு வர வேண்டும்? வோல்ட்டேஜை வோல்ட்டேஜால் பெருக்கி, வாட்டால் வகுங்கள். 230 வோல்ட்டில் 800 வாட் எலிமென்ட்டுக்கு 66 ஓம், 1200 வாட்டுக்கு 44, 2000 வாட்டுக்கு 26 வரும். குளிர்ந்த நிலையில் கொஞ்சம் குறைவாகக் காட்டும், அது இயல்பு. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, அப்போது வரும் அரை ஓம் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். ஓஎல் என்று காட்டினால், அல்லது இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் நின்றால், எலிமென்ட் அறுந்துவிட்டது. கன்டினியூட்டி பீப்பை இங்கே நம்ப வேண்டாம். பல மீட்டர்கள் 30, 50 ஓமுக்கு மேல் போனால் பீப் அடிக்காது. நல்ல எலிமென்ட்டைக் குப்பையில் போட வைத்துவிடும்.

சில ஓடிஜிகளில் குவார்ட்ஸ் குழாய் எலிமென்ட் இரண்டிரண்டாகத் தொடரில் இணைந்திருக்கும். ஒன்று அறுந்தால் இரண்டும் அணையும். மாற்று வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்கக் கூடாது. தொடரில் உள்ள குழாயின்மேல் பாதி வோல்ட்டேஜ்தான் எழுதியிருக்கும். அங்கே முழு வோல்ட்டேஜ் குழாயைப் போட்டால் மங்கலாகவே எரியும்.

மாற்றும்போது வாட், வோல்ட், வளைவின் வடிவம், பிடிப்புத் தகட்டில் ஸ்க்ரூ துளைகளின் இடைவெளி இந்த நான்கும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். ‘அதிக வாட் போட்டால் சீக்கிரம் சூடாகும்’ என்ற யோசனை பலருக்கு வரும். உள்ளிருக்கும் வயரும் சுவிட்சும் பழைய வாட்டுக்கு அளவெடுத்துப் போட்டவை. அடுத்து கருகப்போவது அவைதான்.

பதித்த ஓவனில் கீழ் எலிமென்ட்டை உள்ளிருந்தே இரண்டு ஸ்க்ரூ கழற்றி முன்னால் இழுக்கும் மாடல் உண்டு. அதில் வயர் பின்னாலுள்ள துளைக்குள் நழுவிப் போனால் ஓவன் முழுவதையும் வெளியே இழுக்க வேண்டிவரும். லக்கை உருவியதும் வயரை ஒரு துணி கிளிப்பால் பிடித்து வையுங்கள்.

7. ஆர்சிசிபி ட்ரிப் ஆனால்

எலிமென்ட்டின் உலோகக் குழாய்க்கும் உள்ளே ஓடும் கம்பிக்கும் நடுவே மெக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருக்கும். மின்சாரத்தைக் குழாய்க்கு வரவிடாமல் தடுப்பது அந்தப் பொடிதான். அது ஈரத்தை இழுக்கும். பல மாதம் பயன்படுத்தாத ஓவனைப் போட்டதும் ட்ரிப் ஆவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

எப்போது ட்ரிப் ஆகிறது என்பது முக்கியம். போட்ட உடனே ட்ரிப் ஆனால் ஈரம், அல்லது உடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் வயர். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிச் சூடான பிறகு ட்ரிப் ஆனால் எலிமென்ட்டின் உள் காப்பு தளர்ந்திருக்கிறது. அந்தப் பொடியின் தடுக்கும் சக்தி சூட்டில் குறையும். ஓவனைப் போடாமலே, பிளக் செருகியதும் ட்ரிப் ஆனால் கசிவு நியூட்ரல் பக்கமாகவும் இருக்கலாம். ஒற்றை வயரைத் துண்டிக்கும் சுவிட்ச் நியூட்ரலைத் துண்டிப்பதில்லை அல்லவா, அதனால்தான்.

அளக்கும் முறை: எலிமென்ட்டின் இரண்டு லக்கையும் கழற்றுங்கள். மீட்டரை மெகா ஓமில் வைத்து, ஒரு முனையை டெர்மினலிலும் இன்னொன்றை எலிமென்ட்டின் உலோகக் குழாயிலும் வையுங்கள். ஓஎல் வர வேண்டும். எண் ஏதாவது வந்தால் கசிவு இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அதில் பாதிக்கு மேலேயே ட்ரிப் ஆகலாம். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 15 கிலோ ஓமைச் சுற்றிய கசிவே அதற்குப் போதும். பல எலிமென்ட்களின் சிறு கசிவுகள் சேர்ந்தும் அந்த அளவைத் தொடும்.

ஆனால் மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் சோதிக்கிறது. 230 வோல்ட்டில் மட்டும் தலைகாட்டும் கசிவை அது பார்க்காமல் விடலாம். எண் சுத்தமாக இருந்தும் ட்ரிப் தொடர்ந்தால், ஒரு எலிமென்ட்டின் இரண்டு லக்கையும் கழற்றி, அவற்றின் முனைகளைப் பீங்கான் கனெக்டரில் தனித்தனியாக அடைத்து, தகடுகளை முழுவதும் மூடி, அப்புறம் பிளக்கைச் செருகிப் பாருங்கள். ட்ரிப் நின்றால் குற்றவாளி கிடைத்துவிட்டது. நிற்கவில்லையென்றால் பிளக்கைக் கழற்றி அதை மாட்டிவிட்டு அடுத்ததை. விளக்கின் ஹோல்டரையும் விசிறி மோட்டாரையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஈரம்தான் காரணம் என்று தோன்றினால் எலிமென்ட்டைக் கழற்றி, நல்ல நிலையில் உள்ள வேறொரு ஓவனில் 120 டிகிரி அளவில் ஓரிரு மணி நேரம் வைத்து, ஆறியதும் மறுபடி அளக்கலாம். சரியாகிவிட்டால் மாட்டிவிடலாம். மறுபடி மறுபடி ஈரம் இழுத்தால் அதன் முனை அடைப்பு போய்விட்டது, மாற்றுவதுதான் வழி.

ட்ரிப் ஆகாமல் இருக்க எர்த் வயரை வெட்டிவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. ஓவன் ஓடும், யாரும் ட்ரிப் பற்றிப் பேச மாட்டார்கள். கசிவோ அப்படியே இருக்கும், போக வழியில்லாமல் ஓவனின் உடலில் காத்திருக்கும், கதவைத் தொடுகிறவர் வழியாகத் தரைக்குப் போகும். இப்படி வெட்டப்பட்ட ஓவன் உங்கள் கைக்கு வந்தால் மற்ற எந்த வேலைக்கும் முன் எர்த்தைச் சேருங்கள்.

8. வெப்பக் கட்-அவுட்

ஓவனின் முதுகிலோ மேல் தகட்டிலோ நாணய அளவில் ஒட்டியிருக்கும் சிறு பாகம் இது. மூன்று விதம் உண்டு: ஒரே முறை அறுந்து போகும் ஃபியூஸ், நடுவில் பொத்தானை அழுத்தினால் திரும்ப வேலை செய்வது, ஆறியதும் தானே சேர்ந்துகொள்வது. அறை வெப்பத்தில் அளந்தால் மூன்றுமே பூஜ்ஜிய ஓம் பக்கம் காட்ட வேண்டும்.

அறுந்திருந்தால் அது நோயல்ல, நோய்க்கான அறிகுறி. ஏன் அறுந்தது? குளிர்விக்கும் விசிறி நின்றுவிட்டதா, பின்பக்கக் காற்று வழி சுவரோடு ஒட்டி அடைபட்டிருக்கிறதா, அடித்தளத்தில் அலுமினியத் தாள் விரித்து வெப்பத்தைத் தேக்கினார்களா, தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டதா? இதைத் தேடாமல் புதியதைப் போட்டால் அதுவும் போகும். ஒரு துண்டு வயரால் இரண்டு டெர்மினலையும் இணைத்துவிடுவதோ, காய்ச்சல் காட்டுகிறது என்பதற்காகத் தெர்மாமீட்டரை உடைத்துப் போடுவது போல. ஓவனில் அதன் முடிவு தீ.

மாற்றும்போது மேலே அச்சிட்ட டிகிரியும் ஆம்பியரும் அப்படியே இருக்க வேண்டும். வயரோடு வரும் ஃபியூஸைக் கிரிம்ப் செய்யுங்கள். சால்டர் வைத்தால் அந்தச் சூட்டிலேயே புது ஃபியூஸ் அறுந்துவிடும்.

9. தெர்மோஸ்டாட்

பதித்த ஓவன்களிலும் சில பெரிய ஓடிஜிகளிலும் நாப்பிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்று கிளம்பி, உள்ளறையில் பென்சில் பருமனுக்கு ஒரு குமிழில் முடியும். உள்ளே திரவம். சூட்டில் அது விரிந்து, நாப்பின் பின்னால் இருக்கும் தொடர்பைத் திறக்கும். குழாய் உடைந்து திரவம் கசிந்தால் ஓவன் சூடாகாமல் போகும் என்று நினைப்பார்கள். நடப்பது நேர் எதிர்: விரிவதற்கு எதுவும் இல்லாததால் தொடர்பு திறக்கவே திறக்காது, வெப்பம் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் இந்தக் குழாயைக் கூர்மையாக மடக்கக் கூடாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று உண்டு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எடுத்து, மீட்டரைக் கன்டினியூட்டியில் மாட்டி, குமிழை மட்டும் கொதிக்கும் நீரில் விடுங்கள். டெர்மினல் பக்கம் நனையக் கூடாது. நாப் 150இல் இருந்தால் தொடர்பு மூடியே இருக்க வேண்டும், பீப் கேட்கும். 80க்குக் கீழே இறக்கினால் கிளிக் என்று திறந்து பீப் நிற்க வேண்டும். இரண்டிலும் பீப் நிற்கவில்லை என்றால் திரவம் போயிருக்கும், அல்லது தொடர்பு ஒட்டியிருக்கும். எதிலுமே பீப் இல்லையென்றால் தொடர்பு கருகியிருக்கும். எப்படியானாலும் மாற்ற வேண்டியதுதான்.

சிறிய ஓடிஜிகளில் குமிழ் கிடையாது. வெப்பத்தில் வளையும் இரட்டை உலோகத் தகடு மட்டும் நாப்பின் பின்னால் இருக்கும். அதற்கு நீர்ச் சோதனை பொருந்தாது. நாப்பை அடியிலிருந்து மேலே திருப்பும்போது ‘திறந்தது’ ‘மூடியது’ ஆக மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

டிஜிட்டல் ஓவனில் இந்த வேலையைச் சென்சார் பார்க்கிறது. பெரும்பாலும் பிடி1000 வகை: 0 டிகிரியில் 1000 ஓம், 25இல் ஏறக்குறைய 1097, 200இல் 1758. பாதி எண் வந்தால் அது பிடி500 ஆக இருக்கலாம், பதறாதீர்கள். சென்சாரின் கனெக்டரை உருவிவிட்டு அளக்க வேண்டும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 3.85 ஓம் என்பதால், கனெக்டரில் துருப்பிடித்து 40 ஓம் கூடினாலே ஓவன் பத்து டிகிரி அதிகமாக நினைத்துக்கொள்ளும், முன்னதாகவே நிறுத்திவிடும். சென்சாரை மாற்றுவதற்கு முன் கனெக்டரைச் சுத்தம் செய்து பாருங்கள்.

10. சூடாகிறது, ஆனால் அளவு தப்பு

ஓவன் தெர்மாமீட்டரை நடுத்தட்டில் வைத்து, வெறும் ஓவனை 180இல் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாக ஏற்ற இறக்கத்தைக் கவனித்து, உச்சம் சில, அடி சில எழுதி, சராசரி எடுங்கள். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு ‘20 டிகிரி குறைவு’ என்று முடிவுகட்டுவது இங்கே பெரிய தவறு. மெக்கானிக்கல் தெர்மோஸ்டாட் 10, 15 டிகிரி மேலும் கீழும் போய்வருவது அதன் இயல்பு.

சராசரியே தள்ளியிருந்தால் முதலில் குமிழ் அதன் கிளிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கழன்று சுவரில் சாய்ந்திருந்தால், அல்லது எலிமென்ட் பக்கம் நகர்ந்திருந்தால், அதுவே காரணம். அடுத்து கதவு. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள், நாலு பக்கமும் கொஞ்சமாவது பிடிக்க வேண்டும். லேசாக உருவிக்கொண்டு வரும் பக்கத்தில் கேஸ்கெட் (கதவோர அடைப்பு) தட்டையாகியிருக்கும், அல்லது கீல் தளர்ந்திருக்கும். இவை இரண்டும் சரி என்றால் நாப்பைப் பாருங்கள். சில நாப்களின் பின்னால் திருகி நகர்த்தும் வளையம் உண்டு. டிஜிட்டல் மாடல்களில் மெனுவிலேயே திருத்தம் இருக்கும்.

11. செலக்டர், டைமர், லக்

செலக்டரின் ஒவ்வொரு நிலைக்கும் எந்த டெர்மினல்கள் சேர வேண்டும் என்பது வயரிங் படத்தில் இருக்கும். வயர்களைக் கழற்றி ஒவ்வொரு நிலையிலும் பீப் பாருங்கள். டைமருக்கும் அதே சோதனைதான்: திருப்பினால் மூடும், மணி அடித்ததும் திறக்கும்.

எனக்குச் சுவிட்சைவிட லக்கின் மேல்தான் சந்தேகம் அதிகம். பித்தளை லக் பலமுறை சூடேறி ஆறினால் அதன் பிடி தளரும். தளர்ந்த இடத்தில் வெறும் 0.1 ஓம் தடை உண்டானாலும், 8.7 ஆம்பியர் ஓடும்போது அந்தப் புள்ளியில் ஏழரை வாட் வெப்பம் பிறக்கும். அந்த வெப்பம் பிடியை இன்னும் தளர்த்தும், தடை இன்னும் ஏறும், கடைசியில் சுவிட்சின் டெர்மினலே கருகும். பிறகு சுவிட்சை மட்டும் மாற்றிவிட்டு அதே தளர்ந்த லக்கைச் செருகுவார்கள். சில மாதத்தில் புதுச் சுவிட்சும் அதே இடத்தில் கருகும்.

எனவே கறுத்த லக்கை வெட்டி எறியுங்கள். வயரைப் பளபளக்கும் செம்பு தெரியும் வரை பின்னால் வெட்டிக்கொண்டு வாருங்கள். நிக்கல் பூசிய எஃகு லக்கைக் கிரிம்ப் செய்யுங்கள். வயர் குட்டையாகிவிட்டால் சிலிகான் உறையோ கண்ணாடி நார் உறையோ போட்ட வயரால் முழுத் துண்டையும் மாற்றுங்கள். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய சாதாரண பிவிசி வயர் பொதுவாக 70 டிகிரிக்குத்தான் தாங்கும். ஓவன் முதுகில் அதைப் போடவே கூடாது.

12. விசிறியும் விளக்கும் கதவும்

விசிறி கரகரவென்றால் இறக்கை எங்காவது உரசுகிறதா என்று பார்த்துவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாகச் சுற்றினால் புஷ்ஷில் (தண்டைத் தாங்கும் வளையத்தில்) எண்ணெய்ப் பிசுக்கு காய்ந்திருக்கும். இறக்கையைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: அதன் நட்டு பெரும்பாலும் இடதுமரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். வழக்கம்போல எதிர்த்திசையில் பலம் போட்டால் தண்டு முறிந்துவிடும்.

விளக்கு 300 டிகிரி தாங்கும் என்று எழுதிய ஓவன் விளக்காக இருக்க வேண்டும். எல்இடி வேண்டாம்.

பதித்த ஓவனின் கதவைக் கழற்றும் முன் கீல்களில் உள்ள பூட்டைத் தூக்கிப் பூட்டிவிடுங்கள். பூட்டாமல் கதவை உருவினால் ஸ்பிரிங் படாரென்று மூடி விரலை நசுக்கும். விரிசல் விட்ட கண்ணாடியோடு ஓவனைச் சூடாக்காதீர்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் முயல வேண்டாம்: கருகிய கன்ட்ரோல் போர்டு. அதை முழுப் போர்டாக மாற்றலாம், ஆனால் பாகம் பாகமாகச் சரிசெய்வது வேறு தொழில். எல்லா எண்ணும் சுத்தமாக வந்தும் பழுது நிற்கவில்லை என்றால் பழுது பெரும்பாலும் அங்கேதான். மெக்கானிக்கை அழைக்கும்போது நீங்கள் அளந்த எண்களைக் கொடுத்துவிடுங்கள்.

13. மூடுவது, முதல் சூடேற்றம்

படத்தோடு ஒவ்வொரு லக்கையும் ஒப்பிட்டு மாட்டுங்கள். மாட்டியதை லேசாக இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. எந்த வயரும் உள்ளறையின் தகட்டைத் தொடாமல் பழைய கிளிப்களில் போக வேண்டும்.

தகடுகளை மூடிய பிறகு, பிளக்கைச் செருகும் முன், பிளக்கின் மூன்று பின்களிலும் இரண்டு அளவுகள். எர்த் பின்னுக்கும் பெயின்ட் இல்லாத உலோக உடலுக்கும் நடுவே அரை ஓமுக்குள் வர வேண்டும். அடுத்து எல்லா நாப்களையும் போட்ட நிலையில் திருப்பி வைத்து, லைவ் பின்னுக்கும் எர்த்துக்கும், நியூட்ரல் பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவே அளங்கள். இரண்டிலும் ஓஎல். இதில் ஒன்று தவறினாலும் செருகாதீர்கள், மறுபடி திறங்கள்.

புது எலிமென்ட் முதல் தடவை புகையும். அதன்மேல் பூசிய எண்ணெய் எரிகிறது, பயப்பட வேண்டாம். ஜன்னலைத் திறந்துவைத்து, ஓவனை வெறுமையாக 200க்கு மேல் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அதுவரை பக்கத்திலேயே இருங்கள். புகை எண்ணெய் வாடையாக இருந்தால் சரி. பிளாஸ்டிக் கருகும் வாடையாக இருந்தால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள். ஏதோ ஒரு வயர் சூடான தகட்டில் சாய்ந்திருக்கிறது.

அரை மணி முடிந்ததும் ஓவனை அணைத்து, பிளக்கைக் கழற்றி, அதன் பிளாஸ்டிக் உடலைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். பிடிக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டின் உள்பிடி தளர்ந்திருக்கிறது. அந்தச் சாக்கெட்டை மாற்றும் வரை ஓவனை அதில் செருக வேண்டாம்.